ஒரு விரல் பாரம்

அத்தியாயம் நான்கு

குடித்தவன் ஓட்டிய வண்டி எப்படிப்பட்ட கோடு போடும் என்று துப்பறியும் சௌரிராஜனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்த மாசி மாதத்துக் காலையில், காவிரிப் பாலத்தின் நட்டநடுவில், வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையோடு தரையாகக் குந்தியிருந்தார். தயிர்ப்பானையோடு டவுனுக்குப் போன பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். ஜட்காக்காரன் ஒருவன் குதிரையை இழுத்துப் பிடித்து, அவரை ஒருமுறை முறைத்துவிட்டுப் போனான்.

"எழுந்திருங்க சார்," என்றாள் அக்னஸ். "எதையோ தொலைச்சுட்டீங்கன்னு நெனச்சு, பின்னால ரெண்டு பேர் தேட ஆரம்பிச்சுட்டாங்க."

அக்னஸ் பாலக்கரைக்காரி. டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு சௌரிராஜனிடம் வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. டைப் அடித்த நாட்களைவிடக் குடை பிடித்துக்கொண்டு அவர் பின்னால் அலைந்த நாட்களே அதிகம். வாய் மட்டும் ஒருநாளும் ஓய்ந்ததில்லை. அந்த வாய் இல்லாவிட்டால் தன் நாள் முழுவதும் ஒரு மனிதக் குரல்கூடக் கேட்காது என்பது சௌரிராஜனுக்குத் தெரியும். அதை அவளிடம் சொன்னதில்லை.

"கோடு நேரா இருக்கு, பார்," என்றார்.

பாலத்துத் தரையில் சுண்ணாம்புத்தூள் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஓடியிருந்தது. ஓட்டை மூட்டையிலிருந்து சிந்தியது. மூன்று இரவுப் பனியில் நனைந்து நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை சாயங்காலம், கோட்டை ரயில் ஸ்டேஷன் பக்கத்துக் கிடங்கிலிருந்து ஒரு பிக்கப் வண்டி, பின்னால் கோத்த இரண்டு சக்கர ட்ரெயிலரில் சுண்ணாம்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டது. அங்கே ஒரு சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டி பாலத்தைத் தாண்டி மாம்பழச்சாலை இறக்கத்தில் இறங்கும்போது, ட்ரெயிலர் இடமும் வலமுமாக ஆடி, கொக்கி தெறித்து, கவிழ்ந்தது. எதிரே சைக்கிளில் வந்த தபால்காரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. டிரைவர் ராசப்பன் குடித்துவிட்டு ஓட்டினான் என்று போலீஸ் கேஸ் எழுதியது. நாளை வெள்ளிக்கிழமை கோர்ட்டு. தண்டனை விழுந்தால் ஆறு மாதம் உள்ளே இருக்க வேண்டும். லைசென்ஸும் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் விடியாததுமாக சௌரிராஜனின் மாடிப்படி ஏறி வந்தவர் பிச்சை. ஐம்பத்தைந்து வயது. முன்பு பார வண்டி ஓட்டினவர். இரண்டு மாடுகளையும் கோமாரி நோய் கொண்டுபோன பிறகு, அதே கிடங்கில் காவலுக்கு இருந்துகொண்டு அங்கேயே படுத்துக்கொள்கிறவர்.

"ராசப்பன் குடிக்க மாட்டான் சாமி," என்றார் அன்றைக்கு. "எவனோ என்னமோ பண்ணிப்புட்டான். எவன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. எனக்கு இந்த ஊர்ல அவனை விட்டாப் பேச ஆள் கிடையாது."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் சௌரிராஜன் கேஸை எடுத்துக்கொண்டார். அவருக்கும் இந்த ஊர் அப்படித்தான். போலீஸ், பிணம் என்று அலைகிறவன் என்று அண்ணன்மார் ஒதுக்கி வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில் ஜாகை, மெஸ்ஸில் மூலை இலை. பாலத்துக்கு வடக்கே தெரியும் கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்புவார். அதன் நிழலில் இருக்கும் பிறந்த வீட்டுக்கு மட்டும் போகமாட்டார்.

இருவரும் வெள்ளைக்கோட்டைத் தொடர்ந்து நடந்தார்கள். பாலம் முடிகிறவரை கோடு நூல் பிடித்தது போல் இருந்தது. இறக்கம் ஆரம்பித்த இடத்தில் வளைய ஆரம்பித்தது.

"கிடங்குலேருந்து இவ்வளவு தூரம் நிதானமா வந்த மனுஷனுக்கு, இறக்கத்தைப் பார்த்ததும் போதை ஏறிடுச்சா?" என்றாள் அக்னஸ்.

"எப்படி ஏறியிருக்குன்னும் பார். முதல் வளைவு ஒரு சாண். அடுத்தது ஒரு முழம். அதுக்கடுத்தது ரெண்டு முழம். குடிச்சவன் கோணல்ல ஒரு கணக்கு இருக்காது. இதுல இருக்கு."

"அப்ப குடிச்சது ராசப்பன் இல்ல. ட்ரெயிலர்."

சௌரிராஜன் சிரிக்கவில்லை. அவள் சொன்னது சரியென்று அவருக்குப் பட்டது. கிடங்கு முதலாளி வீரராகவன் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி அனுப்பியிருக்க வேண்டும், அதை மறைக்கத்தான் குடிகாரக் கதை. இப்படி முடிவு கட்டிக்கொண்டு வேகமாகப் போலீஸ் ஸ்டேஷனை நோக்கி நடந்தார்.

ஸ்டேஷனை ஒட்டினாற்போல் கைதி அறை இருந்தது. கம்பி வைத்த ஜன்னல் பின்கட்டு முற்றத்தைப் பார்த்திருந்தது. முற்றத்தில் பிக்கப்பும், நிமிர்த்தி வைத்த ட்ரெயிலரும், அடுக்கிய மூட்டைகளும் நின்றன. வாசலில் வேப்பமரத்தடியில் தூக்குப் பாத்திரத்தோடு பிச்சை உட்கார்ந்திருந்தார்.

"மூணு நாளா சோறு கொண்டாறேன் சாமி. என்னை உள்ள விட வேணாம்னு அவனே சொல்லிட்டானாம்," என்றார். முகம் வாடியிருந்தது. "நான் என்ன பண்ணுனேன்னு தெரியலை."

சப்-இன்ஸ்பெக்டர் நிஜாமுதீன் நல்ல மனிதர். ஆனால் சீக்கிரம் முடிகிற கேஸ் என்றால் அவருக்கு ஒரு தனிப் பிரியம். "பாருங்க சார், பேசுங்க," என்று கதவைத் திறந்துவிட்டார். "அவனே ஒத்துக்கிட்டான். உங்களுக்கு ஏன் வீண் சிரமம்?"

ராசப்பனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"குடிச்சேன் சார். எழுதிக் குடுத்துட்டேன்."

"என்ன குடிச்சே?"

"கள்ளு."

"எந்தக் கடையில?"

ராசப்பன் கொஞ்சம் யோசித்தான். "பாலத்துக்கு வடக்கே, இறக்கத்துல இருக்குற கடை."

அக்னஸ் குடையைத் தரையில் ஊன்றினாள். "வண்டி கவிழ்ந்தது அதுக்கு முன்னாடியே ஆச்சே. கவிழ்ந்தப்புறம் குடிச்சுட்டு, முன்கூட்டியே ஆடினீங்களா?"

அவன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மூட்டை ஏத்தினது யாரு?" என்றார் சௌரிராஜன்.

"நான்தான் சார். நான் ஒருத்தனே ஏத்தினேன்." இந்தப் பதில் மட்டும் யோசனையில்லாமல், கேட்டு முடிக்கும் முன்பே வந்தது.

சௌரிராஜன் அவனுடைய தோளைப் பார்த்தார். பனியன் விலகிய இடத்தில் தோல் வழவழவென்று இருந்தது. அத்தனை மூட்டை சுண்ணாம்பு தூக்கிய தோள் ஒரு வாரத்துக்கு வெந்து சிவந்திருக்கும். விரலிடுக்குகள் வெடித்திருக்கும். இவன் கை பெட்ரோலைத் தவிர வேறெதையும் தொட்டதாகத் தெரியவில்லை.

"குடிச்சேன்னு ஒரு பொய், ஏத்தினேன்னு ஒரு பொய்," என்றார் வெளியே வந்ததும். "வழக்கமா ஜனங்க தப்பிச்சுக்கப் பொய் சொல்லுவா. இவன் மாட்டிக்கப் பொய் சொல்றான்."

"முதலாளிக்கு பயந்தா?"

"அதைத்தான் பார்க்கணும்."

பிக்கப்பின் ஸீட்டுக்கு அடியில், கருவிப் பெட்டியோடு ஒரு சின்ன இங்கிலீஷ் புத்தகம் கிடந்தது. வண்டியோடு அமெரிக்காவிலிருந்து வந்தது. பக்கங்கள் ஓரம் வெட்டாமல் ஒட்டியபடியே இருந்தன. வாங்கின நாளிலிருந்து ஒருவரும் பிரித்துப் படிக்கவில்லை. அக்னஸ் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, மடிப்பு மடிப்பாகக் கிழித்துப் படித்தாள்.

"பிரேக் இல்லாத ட்ரெயிலரைக் கட்டி இழுத்தா, மொத்தம் ஆயிரத்து ஐந்நூறு ராத்தலுக்கு மேல கூடாதாம் சார். என்ஜின் இழுத்துடுமாம். நிறுத்தறதுதான் கஷ்டமாம். இறக்கத்துல பின்னால இருக்குறது முன்னால இருக்கறதைத் தள்ளுமாம்." அவள் நிமிர்ந்தாள். "எங்க பெரியம்மா மாதிரி."

"மூட்டை எத்தனை?"

"பத்து. ஒண்ணு நூறு ராத்தல்னு சாக்குலயே எழுதியிருக்கு. ஆயிரம்."

"ட்ரெயிலரோட எடை?"

அக்னஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு இலை எண்ணும்போது சமையல்காரரை விட்டுவிடுவது போலத்தான் அதுவும். ட்ரெயிலரின் இரும்பில் நானூறு என்று வெட்டியிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அரிசி மண்டியிலிருந்து தராசை வரவழைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு மூட்டையாக நிறுத்தார்கள். ஓட்டை மூட்டை கொஞ்சம் குறைந்திருந்ததைத் தவிர, எழுதியிருந்தது சரியாகவே இருந்தது.

"ஆயிரத்து நானூறு," என்றாள். "வரம்புக்கு நூறு குறைச்சல்."

நிஜாமுதீன் மீசையைத் தடவினார். "அப்ப முதலாளி மேல தப்பில்லை. ராசப்பன்தான்."

காலையிலிருந்து கட்டிய கோட்டை ஒரு தராசில் சரிந்துவிட்டது. நாளைக்கு இந்த நேரத்துக்கு அந்தப் பையன் ஜெயில் வண்டியில் இருப்பான். வேப்பமரத்தடியில் அந்தக் கிழவர் ஆறு மாதம் தூக்குப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருப்பார்.

"சார், இன்னும் ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு," என்றாள் அக்னஸ். ஊசியால் அதையும் கிழித்தாள். ஒரு படம் இருந்தது. படத்துக்குக் கீழே இரண்டு வரி. "மொத்த எடையில பத்துல ஒரு பங்கு கொக்கி மேல அழுத்தணுமாம். பாரத்தை முன்பக்கமா வைக்கணும். பின்பக்கம் கனத்தா ட்ரெயிலர் வாலாட்டுமாம்."

சௌரிராஜனின் முகம் மாறியது. வரம்பு என்பது எவ்வளவு ஏற்றினோம் என்பது மட்டுமில்லை, எங்கே வைத்தோம் என்பதும்தான். அதை வைத்த கைகள் யாருடையவை? தோள் வெந்த ஒருவர் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். மேல்துண்டைத் தோளில் படவிடாமல் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை மூன்று நாளாகப் பார்த்தும் உறைக்கவில்லை.

வாசலுக்குப் போனார்.

"பிச்சை, அன்னிக்கு மூட்டை ஏத்தினது யாரு?"

"நான்தான் சாமி," என்றார் பிச்சை, இதென்ன கேள்வி என்பது போல. "மாசி மகத்துக்குக் கூலியாளுங்க எல்லாம் முழுக்குப் போடப் போயிட்டாங்க. ராசப்பன் டயருக்குக் காத்தடிக்கப் போயிருந்தான். வர்றதுக்குள்ள நானே ஏத்திக் கட்டிட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

அது உண்மைதான். முதலாளி யார், மெக்கானிக் யார், யாருக்கு யார் மேல் பகை என்றெல்லாம் கேட்டவர், சுமை தூக்கினது யார் என்று கிழவரைக் கேட்கத் தோன்றாமல் போனார். சௌரிராஜனுக்கு வெட்கமாக இருந்தது.

"அன்னிக்கு எப்படி வச்சேளோ, அதே மாதிரி இப்ப ஏத்திக் காட்டுங்கோ."

பிச்சை முற்றத்துக்குள் காலெடுத்து வைத்ததும் ஜன்னல் கம்பி குலுங்கியது.

"அண்ணே, தொடாதீங்க. வெளிய போங்க. ஐயா, அவருக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் ஏத்தினேன், அவரை விட்டுடுங்க," என்று ராசப்பன் கத்தினான்.

"நீ கம்முனு இருடா. ஐயா கேக்குறாரு," என்றார் பிச்சை. மூன்று நாளைக்குப் பிறகு அவன் குரல் கேட்டதில் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

பத்து மூட்டையும் ஏறின. இரண்டு முன்னால், மூன்று நடுவில், ஐந்து பின்னால். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, அரை விரல் இப்படி, கால் விரல் அப்படி என்று நகர்த்தினார். கடைசியில் ட்ரெயிலரின் முன்கம்பியடியில் ஒரு விரலைக் கொடுத்துத் தூக்கினார். ஆயிரத்து நானூறு ராத்தல் வண்டியின் மூக்கு, ஒற்றை விரலில் இறகு போல எழும்பியது.

"இப்படி நிக்கணும் சாமி," என்றார் பெருமையோடு. "முன்பாரம் வச்சா நுகத்தடி அழுத்தி மாட்டுக் கழுத்துப் புண்ணாயிடும். சமதரைக்கே இப்படின்னா, இறக்கத்துல மொத்தப் பாரமும் கழுத்துக்கு வரும். மாம்பழச்சாலை இறக்கம் இருக்குல்ல? அதனால இன்னும் ஒரு மூட்டை பின்னால தள்ளி வச்சேன். ராசப்பன் வண்டியாச்சே, நோகக்கூடாதுன்னு."

அக்னஸ் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் பேச்சு இல்லாமல் போனதை சௌரிராஜன் கவனித்தார்.

நிஜாமுதீனுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. "லேசா இருந்தா நல்லதுதானே சார்?"

"மாட்டுக்கு நல்லது. மாடு நாழிகைக்கு ஒரு மைல் நடக்கும். மோட்டார் பறக்கும். உங்க ஆட்கள் நாலு பேரை இந்தக் கம்பியைப் பிடிச்சு இழுத்துண்டு ஓடச் சொல்லுங்கோ."

முற்றம் சற்றே சரிவு. நான்கு கான்ஸ்டேபிள்களும் ஓடினார்கள். பத்தடி போவதற்குள் ட்ரெயிலரின் வால் இடப்பக்கம் இழுத்தது, பிறகு வலப்பக்கம். நால்வரையும் மாற்றி மாற்றி உலுக்கி, கடைசியில் ஒருவரை முருங்கை மரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஓட்டை மூட்டை வழியெல்லாம் சிந்தியிருந்தது. மண்ணில் ஒரு வெள்ளைக்கோடு. ஒரு சாண், ஒரு முழம், இரண்டு முழம்.

சௌரிராஜன் மூன்று மூட்டைகளை முன்னால் மாற்றச் சொன்னார். மறுபடி ஓடினார்கள். இந்தத் தடவை கோடு நேராக விழுந்தது.

பிச்சை இரண்டு கோடுகளுக்கும் நடுவில் போய் நின்றார். வளைந்த கோட்டைப் பார்த்தார். நேர்க்கோட்டைப் பார்த்தார். திரும்ப வளைந்ததைப் பார்த்தார். அந்த இறக்கத்தை அவர் திங்கட்கிழமையிலிருந்து தினம் கடந்து வந்துகொண்டிருக்கிறார்.

"எவன்னு கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு உங்ககிட்ட வந்தேன்," என்றார் மெதுவாக. "நான்தானா சாமி?"

சௌரிராஜனிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. ஆடின கொக்கி, தேய்ந்த டயர், எதையாவது சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தும் அவரால் சொல்ல முடியவில்லை.

"ஆமாண்ணே," என்றாள் அக்னஸ். "ஆனா தெரிஞ்சு செய்யலை. இந்தப் புத்தகத்தைப் பிரிச்சுப் படிக்காம, உங்ககிட்ட வண்டியைக் குடுத்தவங்க செஞ்சது."

நிஜாமுதீன் புத்தகத்தை வாங்கி, கிழிந்த ஓரங்களைப் புரட்டிப் பார்த்தார். "நாளைக்குக் கோர்ட்டுல நானே எழுந்து சொல்லிடறேன். பையன் மத்தியானத்துக்குள்ள வெளிய வந்துடுவான். வீரராகவனைத்தான் கூப்பிட்டு விசாரிக்கணும். பிச்சை சாட்சி, அவ்வளவுதான்."

பிச்சை அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலடிக்குப் போனார். ராசப்பன் கம்பிக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"பாலத்துலயே தெரிஞ்சுபோச்சுண்ணே. வண்டியோட பின்பக்கம் லேசாயிடுச்சு. நிறுத்துறதுக்குள்ள இறக்கம் வந்துடுச்சு."

"சொல்றதுக்கென்ன?"

"சொன்னா முதலாளி உங்களைக் கிடங்கை விட்டு அனுப்பிடுவாரு. எங்க போவீங்க?" என்றான். "மாடு போனதுக்கே ஒரு வருஷம் நீங்க யார்கிட்டயும் பேசலை."

பிச்சை ஜன்னலுக்கு இன்னும் நெருங்கி வந்தார். பிறகு பாத்திரத்தைத் திறந்து, கம்பி வழியாகச் சோற்றை உருண்டை உருண்டையாக நீட்ட ஆரம்பித்தார்.

"பத்துல ஒரு பங்கு முன்பாரம் வேணுமாம்," என்றார். "அடுத்த தடவை நானே சரியா வச்சுத் தரேன். சாப்பிடு."

சௌரிராஜன் அங்கே நிற்கவில்லை. விறுவிறுவென்று பாலத்துக்கு வந்துவிட்டார். வெயில் ஏறியிருந்தது. கேஸ் ஜெயித்த நாளில் மனசு இப்படிக் கனக்கும் என்று அவர் நினைக்கவில்லை. மெஸ்ஸில் இந்நேரம் மூலை இலை போட்டிருப்பார்கள். யாரும் காத்திருக்கமாட்டார்கள். குடை அவர் தலைக்கு மேல் வந்து சேர்ந்தது.

"மூணு நாள் ஒருத்தனுக்காக ஒருத்தன் பொய் சொல்லிண்டு உள்ளே உட்கார்ந்திருக்கான், அக்னஸ்," என்றார் ஆற்றைப் பார்த்தபடி. "நான் உள்ளே போனா எனக்காக ஒரு நாள் பொய் சொல்றதுக்கு ஆள் இருக்கான்னு யோசிச்சேன்."

அக்னஸ் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் சொல்லுவேன் சார்," என்றாள். "ஆனா திங்கட்கிழமை பார்த்து உள்ள போங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வெளிய வந்துடணும். பொய்யை வச்சுக்கிட்டு என்னால மாதா கோயில் பூசைக்குப் போக முடியாது."

"ஆறு நாள்," என்றார் சௌரிராஜன்.

"ஆறு நாள். போதுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி, துண்டின் நுனியால் வெகுநேரம் துடைத்தார்.

"போதும்," என்றார்.